மிஷன் வீதியில் ஒரு ரோமாபுரி முகப்பு

லாஸ்பேட்டை என்ற பெயரில் இருக்கும் ‘லா’ யார் என்று நம் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்பார் சிலர். பேட்டைக்கு ‘லாஸ்’ என்றே எப்போதும் பெயர் என்பார் மற்றவர். தினமும் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் முகவரியில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது என்பது பெரும்பாலோருக்குப் புதிய செய்தி.

அவர் ழான் லா தெ லொரிஸ்தோன். 1761 ஜனவரியில் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் இடித்துத் தரைமட்டமாக்கியது. பாரிஸ் உடன்படிக்கையின்படி 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபோது ஆளுநராகப் பொறுப்பேற்றவர் இவர்தான். இடிபாடுகளின் மேல் நகரத்தைத் திரும்பக் கட்டும் வேலை இவருடையது. இன்று நாம் பழைய புதுச்சேரி என்று மாணவர்களுக்குக் காட்டும் வீதிகளில் பெரும்பாலான கட்டடங்கள் அதற்குப் பிறகு எழுந்தவையே.

இவருடைய பெரியப்பா ஜான் லா, ஸ்காட்லாந்துக்காரர். கணக்கில் புலி, சூதாட்டத்திலும் அப்படியே. பிரான்சுக்குக் காகிதப் பணத்தை அறிமுகப்படுத்திய வங்கியை 1716-இல் தொடங்கினார். 1719-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்திய வணிகக் குழுவையும் தம் நிறுவனத்தோடு இணைத்துக்கொண்டார். புதுச்சேரியின் வணிகமும் அதன்மூலம் அவர் கைக்குள் வந்தது. மறு ஆண்டே பங்குகளின் விலை சரிந்து எல்லாம் போயிற்று. நாட்டை விட்டு ஓடியவர் 1729-இல் இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் இறந்தார். அங்கே புனித மாற்கு சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த சான் ஜிமிஞானோ தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

நம் ஊர் இந்தக் கதைக்குள் மறுபடி வரும் இடம் ஒன்று உண்டு. ஆளுநர் லாவின் மகன் ழாக் லொரிஸ்தோன் 1768-இல் புதுச்சேரியில் பிறந்தவர். பிரான்சுக்குப் போய்ப் பீரங்கிப் படையில் சேர்ந்து, நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரானார். வெனிஸ் நெப்போலியன் வசம் வந்தபோது அந்நகரத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். அப்போது சதுக்கத்தை விரிவாக்கி அரண்மனைப் பகுதி கட்டுவதற்காக சான் ஜிமிஞானோ தேவாலயத்தை இடித்தார்கள். லொரிஸ்தோன் தம் பாட்டனாரின் அண்ணனுடைய எச்சங்களை எடுத்து, பக்கத்திலிருந்த சான் மொய்சே தேவாலயத்துக்கு 1808-இல் மாற்றச் செய்தார். வாசலைத் தாண்டி உள்ளே போனதும் தரையில் ஜான் லாவின் கல்லறைப் பலகை கிடக்கிறது. வெனிசுக்குப் போகும் பயணிகள் பலர் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். அதை அங்கே வைக்கச் செய்தவர் புதுச்சேரியில் பிறந்தவர்.

ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிய பாடம் நடத்தும்போது நமக்கு ஒரு சங்கடம் உண்டு. லியானர்டோ, மைக்கேல் ஏஞ்சலோ, ரஃபேல் என்று மூன்று பெயர்கள், எதிரே மூன்று படைப்புகளின் பெயர்கள், பொருத்துக. மாணவர்கள் பொருத்திவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் ஒரு கட்டடத்தையோ ஓவியத்தையோ நின்று பார்க்க அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. இத்தாலி தூரத்தில் இருப்பதால் இதைத் தவிர வழியில்லை என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். புதுச்சேரி ஆசிரியர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. லாஸ்பேட்டையிலிருந்து பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ரோம் நகரக் கட்டடக் கலையின் பேரப்பிள்ளை ஒன்றின் முன்னால் போய் நிற்கலாம்.

முகப்பு என்பது படிக்க வேண்டிய பக்கம்

முதலில் வெனிசின் சான் மொய்சே தேவாலயத்தின் படத்தைத் திரையில் காட்டலாம். 17-ஆம் நூற்றாண்டின் பரோக் பாணி. ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாமல் சிலைகளும் மாலைகளும் திரைச்சீலை மடிப்புகளும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு இந்த முகப்பைக் கண்டாலே ஆகாது. மாணவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: நடுவாசலுக்கு மேலே, எல்லோர் கண்ணும் முதலில் போகும் இடத்தில், யார் இருக்கிறார்?

இயேசு என்பார்கள், மாதா என்பார்கள், மோசே என்பார்கள். தேவாலயத்தின் பெயரே மோசேதானே. ஆனால் அங்கே இருப்பது வின்செஞ்ஜோ ஃபீனி என்ற செல்வந்தரின் மார்பளவுச் சிலை. முகப்புக்குப் பணம் கொடுத்த குடும்பம் அது. பக்கவாசல்களின் மேலும் அந்தக் குடும்பத்தாரே. சொன்னவுடன் வகுப்பில் சிரிப்பு கிளம்பும். குழல் விளக்கில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் கிடையாது. கட்டியவர் யார், பணம் யாருடையது, யார் பார்க்க வேண்டும் என்று கட்டினார்கள் என்ற மூன்று கேள்விகளும் அந்தச் சிரிப்பிலிருந்தே பிறந்துவிடும். கோயில், பள்ளிவாசல், சட்டமன்றக் கட்டடம், நம் பள்ளிக்கூடம் எதற்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

அடுத்து ரோமின் இல் ஜெசு தேவாலயம். 1540-இல் உருவான இயேசு சபையின் தாய்க்கோயில் இது. 1568-இல் கட்டத் தொடங்கி 1584-இல் அர்ச்சித்தார்கள். வடிவமைத்தவர் விஞ்ஞோலா, முகப்பு மட்டும் ஜாக்கோமோ தெல்லா போர்த்தாவுடையது. இந்த முகப்பைக் கட்டும்போது கட்டடக் கலைஞருக்கு இருந்த சிக்கலை மாணவர்களுக்குச் சொன்னால், அதற்கு அவர் கண்ட தீர்வின் அருமை தானாகப் புரியும்.

சிக்கல் இதுதான். இவ்வகைத் தேவாலயத்தின் நடுக்கூடம் உயரமானது, இரு பக்கங்களிலும் உள்ள பகுதிகள் தாழ்வானவை. எதிரிலிருந்து பார்த்தால் கீழே அகலம், மேலே குறுகல். ஒரு பெரிய பெட்டியின் நடுவில் சிறிய பெட்டியை ஏற்றி வைத்ததுபோல் இருக்கும். கிரேக்க, ரோமக் கோயில்களின் முகப்பில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அவை ஒரே உயரம் கொண்டவை. அப்படியானால் பழைய ரோமத் தூண்களையும் முக்கோணக் கூரைமுகத்தையும் இந்த இரட்டைப் பெட்டியில் எப்படிப் பொருத்துவது? ஃப்ளாரன்ஸ் நகரின் சாந்த்தா மரியா நோவெல்லா தேவாலயத்தில் அல்பெர்த்தி என்பவர் ஒரு வழி கண்டார். 1470-இல் அந்த முகப்பு முடிந்தது. இரண்டு பெட்டிகளும் சேரும் மூலைகளில் பெரிய சுருள் வளைவு ஒன்றை வைத்து, படிக்கட்டுபோல் துருத்தியிருந்த இடத்தை மறைத்துவிட்டார். கண் கீழேயிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். இல் ஜெசு முகப்பில் அதே சுருள்கள் இருக்கின்றன. தூண்களை இரண்டிரண்டாக நிறுத்தி, வாசலை நெருங்க நெருங்கச் சுவர் நம்மை நோக்கி வருவதுபோல் செய்ததும் இந்த முகப்பின் சிறப்பு.

இயேசு சபையார் போன இடமெல்லாம் இந்த முகப்பும் போயிற்று. பாரிசில் 1645-இல் தொடங்கிய வால் தெ கிராஸ் தேவாலயம் இந்த ரோமானிய வழியில் வந்தது. நம் மிஷன் வீதியில் இருக்கும் தூய அமலோற்பவ அன்னை பேராலயத்தின் முகப்பை வால் தெ கிராசோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். ரோம், பாரிஸ், புதுச்சேரி என்று மூன்று படிகள். கீழ்த்தளத்தில் இரட்டைத் தூண்கள் டோரிக் வகை. தலையில் அலங்காரம் இல்லாமல் தட்டையாக இருக்கும். மேல்தளத்தில் அயோனிக் வகை. தலையில் ஆட்டுக்கொம்புபோல் இரண்டு சுருள். பாரம் சுமக்கும் கீழ்த்தளத்துக்குத் தடித்த எளிய தூண், மேலே போகப் போக மெலிந்த அழகுத் தூண் என்பது ரோமானியர் வகுத்த முறை. ரோமின் பெரிய அரங்கமான கொலோசியத்தில் இதைக் காணலாம். மூன்று படங்களையும் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, மூலைச் சுருள் எதில் எப்படி மாறியிருக்கிறது என்று தேடச் சொன்னால், அதன்பின் மாணவர்களை மிஷன் வீதியில் நிறுத்தியவுடன் நாம் வாய் திறக்க வேண்டியிருக்காது. அவர்களே காட்டுவார்கள்.

பெயர்களும் வேடிக்கையானவை. இந்தப் பேராலயத்தை ஊரார் சம்பா கோயில் என்பார்கள். சம்பா நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோவாவில் புனித பவுல் கல்லூரியை நடத்தியதால் இயேசு சபையாரை இந்தியாவில் பவுல் பெயரோடு சேர்த்தே அழைத்தனர். அந்தப் போர்த்துகீசியப் பெயர் தமிழ் நாவில் தேய்ந்து சம்பா ஆயிற்று. துய்மா வீதியில் இருக்கும் தூய தேவதூதர்களின் அன்னை ஆலயம் கப்ஸ் கோயில். கப்புச்சின் சபையாரின் கோயில் என்பது அதன் பொருள். அச்சபை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றியது. அத்துறவிகள் அணிந்த முக்காட்டுக்கு இத்தாலிய மொழியில் கப்பூச்சோ என்று பெயர். அவர்களுடைய பழுப்பு அங்கியின் நிறத்தில் இருப்பதால்தான் கப்புச்சீனோ காபிக்கும் அந்தப் பெயர். கடற்கரைச் சாலைக் கடைகளில் விற்கும் காபியும் கப்ஸ் கோயிலும் பெயரால் உறவினர் என்று சொன்னால் பத்தாம் வகுப்பு அதை மறக்காது.

ஆண்டுகளைக் கொண்டு சோதிப்பது

கப்ஸ் கோயிலின் இப்போதைய கட்டடம் 1855-இல் முடிந்தது. அப்போது பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். மாதாவின் விண்ணேற்பைக் காட்டும் எண்ணெய் ஓவியம் ஒன்று அவர் அளித்த பரிசாக உள்ளே இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் இந்தக் கோயிலை பிரான்சின் லூர்து பசிலிக்காவின் மாதிரியில் கட்டியதாகச் சொல்வதுண்டு. வகுப்பில் இதை நான் ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொள்கிறேன். லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவின் காட்சியைக் கண்டதாகக் கூறியது 1858-இல். அதற்குப் பிறகுதான் அங்கே பெரிய தேவாலயம் எழுந்தது. மகன் பிறந்த பிறகு அப்பா பிறப்பாரா? இரண்டு ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினால் போதும், மீதியை மாணவர்கள் முடித்துவிடுவார்கள். அச்சில் வந்ததெல்லாம் உண்மை, கைபேசியில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பும் பழக்கத்துக்கு இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

சம்பா கோயிலின் ஆண்டுவரிசை இதைவிடக் கனமானது. இயேசு சபையார் முதலில் 1692-இல் கட்டினர். அடுத்த ஆண்டே ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதை அழித்தனர். பிறகு எழுந்த கோயிலும் நிலைக்கவில்லை. 1728-இல் தொடங்கி 1736-இல் முடித்த பெரிய கோயிலை 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தோடு சேர்த்து இடித்தார்கள். இன்று நிற்பது 1770-க்குப் பிறகு எழுந்து 1791-இல் முடிந்த கட்டடம்.

இந்த வரிசைக்கு நடுவில் 1748 வருகிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் தயங்கும் இடம் இது. அப்போது சம்பா கோயிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. இரு தரப்புக்கும் பல ஆண்டுகளாகத் தகராறு. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், ஆளுநர் துய்ப்ளே காலத்தில், வேதபுரீஸ்வரர் கோயிலை பிரெஞ்சு நிர்வாகம் இடித்தது. துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த நாள்களை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார்.

இதை மாணவர்களிடம் சொல்லலாமா? ‘கட்டடக் கலை பார்க்கக் கூட்டிப் போகிறோம், இது எதற்கு’ என்று கேட்ட சக ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது. ஒரே பெஞ்சில் பல சமயத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேள்விப்படாமல் இருந்துவிடப் போவதில்லை. வேறு யாரோ சொல்வார்கள், ஆண்டு இல்லாமல், சான்று இல்லாமல், கோபம் மட்டும் சேர்த்து. என் முடிவு, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது. சொல்லும் முறையில்தான் பொறுப்பு இருக்கிறது.

நான் ஆனந்தரங்கப் பிள்ளையிடமிருந்து தொடங்குவேன். 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, உலகில் அந்தக் காலத்தைப் பற்றிக் கிடைக்கும் அரிய சான்றுகளில் ஒன்று, அதுவும் தமிழில். எழுதியவர் பிரெஞ்சு ஆட்சியில் உயர்ந்த இடத்தில் இருந்தவர்; அதே நேரத்தில் இடிபட்ட கோயிலைத் தம்முடையதாகக் கருதியவர். இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த ஒருவரின் சாட்சியம் எவ்வளவு மதிப்புள்ளது, அதில் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று மாணவர்களைப் பேச விடலாம். பிறகு 13 ஆண்டுகள் கழித்துப் பக்கத்திலிருந்த சம்பா கோயிலுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டையும் இடித்தவர்கள் படையும் ஆட்சியும் கையில் வைத்திருந்த அயல்நாட்டுக்காரர்கள். வணிகப் போட்டியில் இந்த ஊர் பந்துபோல் கை மாறியபோது நடந்தவை அவை.

ஒரு முறை ஒரு மாணவி, ‘அப்போ அந்தக் கோயில் சாமி எங்க மிஸ் போச்சு?’ என்று கேட்டாள். நல்ல கேள்வி. வேதபுரீஸ்வரருக்குப் பின்னாளில் வேறு இடத்தில் கோயில் எழுந்தது. அந்த வீதிக்கே ஈஸ்வரன் கோயில் வீதி என்று பெயர். மிஷன் வீதியிலிருந்து நடந்தே போய்விடலாம். அன்றைய பயணத்தில் இரண்டு இடங்களையும் பார்த்தோம். வழியில் ரங்கப் பிள்ளை வீதியையும் கடந்தோம்.

கூர்வளைவும் வசைச்சொல்லும்

இரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு வந்தால் பாணி முற்றிலும் மாறிவிடும். 1902-இல் தொடங்கி 1907-இல் முடிந்த கட்டடம். வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல், இரண்டு கைகளைக் கூப்பியதுபோல் உச்சியில் கூர்மையாகச் சேர்கின்றன. இது கோதிக் பாணி. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகே பிறந்தது. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்துக்குக் கட்டுப்பட்டது. கூர்வளைவை அகலத்தைக் கூட்டாமல் உயர்த்திக்கொண்டே போகலாம். கவராயத்தால் இரண்டையும் வரைந்து பார்த்தால் கணித வகுப்புக்கும் ஆயிற்று.

கோதிக் என்பது ஒரு வசைச்சொல்லாகத் தொடங்கியது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். ரோமப் பேரரசை வீழ்த்திய கோத்துகள் என்ற இனத்தாருக்கும் இந்தப் பாணிக்கும் சம்பந்தமே இல்லை. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்களுக்குப் பழைய ரோமானிய ஒழுங்குதான் கலை, மற்றதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். 1550-இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி வெளியிட்ட வஸாரி இந்தப் பாணியை கோத்துகளின் தலையில் கட்டினார். இத்தாலியின் மிலான் நகரப் பேராலயமே கோதிக் பாணியில் 1386-இல் தொடங்கியதுதான் என்பது வேறு விஷயம். வென்றவர்களின் இரசனை மற்றவர்களின் கலைக்குப் பெயர் வைத்துவிடுகிறது. நம் நாட்டுச் சிற்பங்களை ஐரோப்பியப் பயணிகள் பூதங்கள் என்று எழுதிவைத்த காலமும் இருந்தது.

பசிலிக்கா என்ற சொல்லும் இரண்டு பொருளில் குழப்பும். பழைய ரோமில் அது வழக்கு விசாரிக்கவும் வணிகம் பேசவும் கட்டிய நீண்ட பொதுக்கூடம். கிறிஸ்தவர்கள் பெரிய கோயில் கட்டத் தொடங்கியபோது இந்தக் கூட வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். இன்று அது போப்பாண்டவர் அளிக்கும் தகுதிப் பெயர். நம் இருதய ஆண்டவர் ஆலயம் 2011-இல் அத்தகுதி பெற்றது. உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் 28 புனிதர்கள். எழுத்தறியாதவர்களுக்குக் கதை சொல்வதற்கு இடைக்கால ஐரோப்பா கண்ட வழி இந்தச் சாளரம். காலை நேரத்தில் போனால் கிழக்குச் சாளரங்களின் நிறம் தரையில் விழுவதைப் பார்க்கலாம். இத்தாலியத் தேவாலயங்களில் சாளரத்தைவிடச் சுவரோவியத்துக்கே முதலிடம். வெயில் மிகுந்த நாட்டில் சாளரம் சிறிது, சுவர் பெரிது. இதையும் மாணவர்களே ஊகிக்க முடியும்.

சுண்ணாம்பு செய்த வேலை

சுவரோவியம் என்றதும் அறிவியல் ஆசிரியரைத் துணைக்கு அழைக்கலாம். மைக்கேல் ஏஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் தீட்டியவை ஃப்ரெஸ்கோ முறையில் அமைந்தவை. (படுத்துக்கொண்டு வரைந்தார் என்ற கதை தவறு. சாரத்தில் நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து வரைந்தார்.) ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீரில் குழைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாகவே திரும்ப மாறுகிறது. நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் வெளுக்கும் சோதனை நம் ஆய்வுக்கூடத்தில் நடப்பதுதான். அதே வினை ரோமின் கூரையில் 500 ஆண்டுகளாக ஓவியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

பூச்சு காய்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டும் என்பதால் ஓவியர் ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு பரப்புக்கு மட்டுமே பூசுவார்கள். திருத்த முடியாது. லியானர்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. யோசித்து யோசித்து மெல்ல வரைபவர் அவர். மிலானில் 1495-க்கும் 1498-க்கும் இடையில் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தை உலர்ந்த சுவரின்மேல் வேறு முறையில் தீட்டினார். அவர் உயிரோடிருந்தபோதே அது உதிரத் தொடங்கிவிட்டது. 1978-இல் தொடங்கிய கடைசிப் பெரிய சீரமைப்பு முடிய 1999 ஆயிற்று. நம் ஊர் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தப் படத்தின் மூலம், உலகப் புகழ்பெற்ற ஒரு தொழில்நுட்பத் தோல்வியும்தான்.

இங்கே நம் பக்கத்துச் சான்றுகளை வைக்காமல் விடக்கூடாது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் ஒளிந்திருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவையும் ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டியவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மைக்கேல் ஏஞ்சலோவுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் முந்தியவை. இன்னும் அருகில், விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில், பல்லவர் காலத்து உமையம்மை ஓவியம் ஒன்று சிதைந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது. கப்ஸ் கோயிலின் பளிங்குபோன்ற சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்ததாகச் சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இத்தாலியிலிருந்து வந்தவை எல்லாம் அப்படியே நின்றுவிடவில்லை. தமிழாசிரியர்கள் நன்கு அறிந்த வீரமாமுனிவர், மாந்துவா நகருக்கு அருகில் 1680-இல் பிறந்தவர். பரோக் முகப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர். ஆனால் விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோயிலில் மாதா சேலை உடுத்தியிருக்கிறார், பெயரும் பெரியநாயகி. நம் வில்லியனூர் லூர்து மாதா கோயில் 1877-ஐச் சேர்ந்தது. அதன் முன்னால் படிகள் கட்டிய திருக்குளம் இருக்கிறது. அங்கே நிற்கும் மாணவரிடம் இது எந்த நாட்டுப் பாணி என்று கேட்டால் சற்று யோசிப்பார். அந்த யோசனைக்காகவே வில்லியனூரை நான் கடைசி நிறுத்தமாக வைப்பது வழக்கம்.

அழைத்துப் போகும் முன்

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். முதல் முறை சம்பா கோயிலும் ஈஸ்வரன் கோயிலும் போதும். பங்குத்தந்தையிடமும் கோயில் நிர்வாகத்திடமும் ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்துவிட்டால் வழிபாட்டு நேரம் எது, படம் எடுக்கலாமா என்பது தெளிவாகிவிடும். பெற்றோருக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில், இது வழிபாட்டுப் பயணம் இல்லை, வரலாற்றுப் பாடத்தின் பகுதி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உள்ளே வர விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. முகப்பை வரையும் வேலையை அவருக்குக் கொடுத்தால் வெளியிலேயே முழுப் பாடமும் நடந்துவிடும். உள்ளே கண்ணை மூடி மன்றாடுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று விளக்கம் சொல்லாமல், சொல்ல வேண்டியதை வாசலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

கைபேசியை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. வரைதாள், பென்சில், அட்டை மூன்றும் போதும். முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு முகப்பை நடுக்கோட்டில் பிரித்து ஒரு பாதியை மட்டும் வரைய வேண்டும். மறுபாதியைப் பள்ளிக்குத் திரும்பிய பின் நினைவிலிருந்தும் சமச்சீரைக் கொண்டும் நிரப்புவார்கள். உள்ளே போனால் குவிமாடத்தின் அடியில் நின்று வட்டச் சாளரங்களை எண்ணச் சொல்லுங்கள். நிழலை அளந்து உயரம் காணும் கணக்கையும் சேர்க்க நினைத்தால் காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பத்துக்கு மேல் மிஷன் வீதியில் வண்டி நெரிசலில் எதிர்ப்பக்கம் நின்று வரைய இடம் கிடைக்காது.